தலையில் புள்ளி, காலில் கொக்கி: டைப் பண்ண அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறாயோ, காலேஜில் ஃப்ரெஞ்ச் எடுத்திருக்கிறாயோ, நோட்டில் எழுதும்போது புள்ளியும் கோடும் சரியாகத்தான் போடுகிறாய். லேப்டாப்பில் உட்கார்ந்ததும் அதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. ‘கீபோர்டில் இல்லையே, மேடம் புரிஞ்சுப்பாங்க’ என்று வெறும் எழுத்தை அடித்து அனுப்பிவிடுகிறாய்.

இந்தப் பழக்கத்தை இப்போதே விட்டுவிடு. ஃப்ரெஞ்சில் ‘எங்கே’ என்பதற்கும் ‘அல்லது’ என்பதற்கும் எழுத்தில் உள்ள ஒரே வித்தியாசம் யூ மேல் இருக்கும் கோடுதான். ஜெர்மனில் ‘அம்மா’வின் யூ மேல் இரண்டு புள்ளி வைத்தால் ‘அம்மாக்கள்’. குறி இல்லாவிட்டால் அது எழுத்துப்பிழை, மார்க் போகும். புதுக் கீபோர்டு எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிற கீபோர்டிலேயே எல்லாம் வரும்.

1. முதல் வேலை: யூஎஸ் இன்டர்நேஷனல்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ திற. இங்கிலீஷ் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ போ. ‘ஆட் எ கீபோர்டு’ என்பதில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்’ என்பதைச் சேர்த்துக்கொள். ஒரு தடவை செய்தால் போதும். பிறகு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் பழைய கீபோர்டுக்கும் இதற்கும் மாறிக்கொள்ளலாம்.

ஜெர்மன் கீபோர்டையோ ஃப்ரெஞ்ச் கீபோர்டையோ நேராகச் சேர்த்துவிடாதே. ஜெர்மனில் ஒய்-யும் இசட்-டும் இடம் மாறும். ஃப்ரெஞ்சில் ஏ-யும் க்யூ-வும் மாறும், எண் அடிக்கக்கூட ஷிஃப்ட் வேண்டும். யூஎஸ் இன்டர்நேஷனலில் உன் விரல் பழகிய எழுத்துகள் எதுவும் இடம் மாறாது.

2. முதலில் குறி, பிறகு எழுத்து

நோட்டில் எழுத்துக்குப் பிறகு குறி போடுவோம். இங்கே தலைகீழ்: குறியை முதலில் அழுத்து, அது திரையில் வராமல் காத்திருக்கும், அடுத்து எழுத்தை அழுத்து.

- ஒற்றை மேற்கோள் குறி, பிறகு ஈ: அக்சான் எகு.
- எண் வரிசையில் 1-க்கு இடப்பக்கம் உள்ள சாய்ந்த குறி, பிறகு ஏ, ஈ அல்லது யூ: அக்சான் க்ராவ்.
- ஷிஃப்டும் 6-உம், பிறகு உயிரெழுத்து: கூரை போன்ற சிர்கோன்ஃப்ளெக்ஸ்.
- இரட்டை மேற்கோள் குறி, பிறகு ஏ, ஓ அல்லது யூ: ஜெர்மன் உம்லாவ்ட். ஃப்ரெஞ்ச் த்ரேமாவுக்கும் இதேதான்.
- ஒற்றை மேற்கோள் குறி, பிறகு சி: காலில் கொக்கி போட்ட செதீய்.
- வலப்பக்க ஆல்ட்டும் எஸ்-உம் சேர்த்து: ஜெர்மன் எஸ்செட்.
- வலப்பக்க ஆல்ட்டும் 5-உம் சேர்த்து: யூரோ குறி.

ஒன்று மட்டும் கவனி. வெறும் மேற்கோள் குறி வேண்டுமென்றால் அதை அழுத்திவிட்டு ஸ்பேஸ் தட்டு. இல்லாவிட்டால் அடுத்து வரும் உயிரெழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். இங்கிலீஷ் மட்டும் அடிக்கும் நேரத்தில் பழைய கீபோர்டுக்கு மாறிக்கொள்.

3. வேர்டில் மட்டும் அடிப்பதாக இருந்தால்

எம்எஸ் வேர்டுக்குள்ளேயே குறுக்குவழி இருக்கிறது, எதையும் சேர்க்க வேண்டாம். கன்ட்ரோலும் ஒற்றை மேற்கோளும் அழுத்தி விட்டு ஈ அடித்தால் அக்சான் எகு. கன்ட்ரோல், ஷிஃப்ட், முக்காற்புள்ளி மூன்றையும் அழுத்தி விட்டு யூ அடித்தால் உம்லாவ்ட். கன்ட்ரோலும் கமாவும் அழுத்தி விட்டு சி அடித்தால் செதீய். இது வேர்டுக்கு மட்டும்தான். பிரௌசரில் ஃபார்ம் நிரப்பும்போது இதை நம்பாதே.

4. அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஆல்ட் எண்கள்

பிரௌசிங் சென்டரில் செட்டிங்ஸைத் தொட முடியாது. அங்கே ‘நம் லாக்’ கீயைப் போட்டு, இடப்பக்க ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்து எண் கட்டத்தில் நான்கு எண்களை அடித்து, பிறகு ஆல்ட்டை விடு.

ஜெர்மன்: ஏ உம்லாவ்ட் 0228, ஓ உம்லாவ்ட் 0246, யூ உம்லாவ்ட் 0252, எஸ்செட் 0223.

ஃப்ரெஞ்ச்: ஈ எகு 0233, ஈ க்ராவ் 0232, ஈ சிர்கோன்ஃப்ளெக்ஸ் 0234, ஏ க்ராவ் 0224, யூ க்ராவ் 0249, செதீய் 0231. ஓ-வும் ஈ-யும் ஒட்டிய எழுத்து யூஎஸ் இன்டர்நேஷனலில் கிடையாது. அதற்கு 0156.

முன்னால் உள்ள சைபரை விட்டுவிடாதே. மேல் வரிசை எண்களில் இது வேலை செய்யாது. எண் கட்டம் இல்லாத சின்ன லேப்டாப்புக்கு இந்த வழி ஒத்துவராது. உனக்கு வேண்டிய எண்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்.

5. மேக்கும் மொபைலும்

மேக்கில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் அதன் எல்லா வடிவங்களும் எண்ணோடு வரும், வேண்டிய எண்ணைத் தட்டு. வேகம் வேண்டுமா? ஆப்ஷனும் யூ-வும் அழுத்தி விட்டு எழுத்தை அடித்தால் உம்லாவ்ட், ஆப்ஷனும் ஈ-யும் அழுத்தி விட்டு எழுத்தை அடித்தால் அக்சான் எகு, ஆப்ஷனும் எஸ்-உம் சேர்த்தால் எஸ்செட். மொபைலிலும் எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும்.

6. எந்த வழியும் இல்லாவிட்டால்

ஜெர்மனில் இதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மாற்று உண்டு. உம்லாவ்ட் எழுத்துக்குப் பின்னால் ஒரு ஈ சேர்த்து எழுது, எஸ்செட்டுக்கு இரண்டு எஸ் போடு. சுவிட்சர்லாந்தில் எஸ்செட்டே கிடையாது, எப்போதும் இரண்டு எஸ்தான். புள்ளியை மட்டும் உதிர்த்துவிட்டு எழுதுவது மாற்று ஆகாது. ஃப்ரெஞ்சுக்கு இப்படி மாற்று எதுவும் இல்லை, குறி போட்டே ஆக வேண்டும். பெரிய எழுத்திலும் குறி போட வேண்டும் என்பதுதான் ஃப்ரெஞ்ச் அகாடமியின் நிலைப்பாடு.

7. எங்கே போடக் கூடாது

பாஸ்வேர்டில் இந்த எழுத்துகளை வைக்காதே, வேறு கம்ப்யூட்டரில் அடிக்க முடியாமல் மாட்டிக்கொள்வாய். ஃபைல் பெயரிலும் வேண்டாம். ரெஸ்யூமேயை பிடிஎஃப் ஆக்கி அனுப்பு, குறிகள் உருமாறாமல் போய்ச் சேரும்.

8. வேலைக் கடிதத்தில் இரண்டு இடம்

ஜெர்மன் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் எழுதும்போது மேலே, யாருக்கு எழுதுகிறாயோ அவர் பெயரில் புள்ளி இருந்தால் கட்டாயம் போடு. கீழே வழக்கமாக எழுதும் ‘மிட் ஃப்ராய்ன்ட்லிஷன் க்ரூஸன்’ என்பதில் யூ உம்லாவ்ட்டும் எஸ்செட்டும் அடுத்தடுத்து வரும். இந்த ஒரு வரியை விரல் தானாக அடிக்கும்வரை பழகு.

9. கம்ப்யூட்டரில் பரீட்சையா?

எந்தக் கீபோர்டு தருவார்கள் என்று சென்டரில் முன்கூட்டியே கேள். திரையில் எழுத்துகளைத் தட்டும் வசதி உண்டா, செட்டிங்ஸை மாற்ற விடுவார்களா என்றும் கேள். பரீட்சை அறையில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இத்தனையையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சொந்த லேப்டாப் இருந்தால் யூஎஸ் இன்டர்நேஷனல், இல்லாவிட்டால் ஆல்ட் எண்கள். இரண்டில் ஒன்றை இன்றைக்கே பிடித்துக்கொள். கூகுளில் தேடி காப்பி பேஸ்ட் பண்ணுவதை நிறுத்து. தினமும் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைப் பார்த்து அடி. கஷ்டப்பட்டுப் படிக்கிற மொழியை முழுசாகவே எழுது, தங்கச்சி.