முன்பற்களுக்குப் பீங்கான் உறை

முன்பல் உடைந்தோ நிறம் மாறியோ இருப்பவர் பிறர் முன்னிலையில் வாய்விட்டுச் சிரிக்கவும் கூசுவார். இக்குறையை நீக்கப் பீங்கானைக் கொண்டு இருவகைச் சிகிச்சைகள் செய்யப்படுகின்றன.

முதலாவது, பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய தகடு. இதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சிறு உடைவுக்கும் நீங்காத நிறமாற்றத்திற்கும் இது பொருந்தும். இரண்டாவது, தொப்பியைப் போலப் பல் முழுவதையும் மூடும் உறை. பெரிதும் சிதைந்த பல்லுக்கும், வேர்ச் சிகிச்சையால் வலுவிழந்த பல்லுக்கும் இது ஏற்றது.

தகட்டுக்குப் பல்லைச் சிறிதளவு தேய்த்தெடுப்பர். உறைக்கோ சுற்றிலும் அதிகமாகத் தேய்ப்பர். இவ்வாறு தேய்க்கப்பட்ட எனாமல் மீண்டும் வளராது. ஆதலின், தேவைக்கு மிஞ்சிய சிகிச்சையை நாடுதல் தகாது. வெற்றிலை, புகையிலை, தேநீர் ஆகியவற்றால் மேலே படிந்த கறை, பல்லைச் சுத்தம் செய்வதாலேயே பெரும்பாலும் நீங்கிவிடும். சிறு உடைவைப் பல்லின் நிறமுடைய பசையால் அடைக்கலாம்.

மலிவாகச் செய்து தருவதாக வீடு தேடி வருவோரிடம் பல்லை ஒப்படைத்தல் ஆபத்தாகும். சரிவரப் பொருந்தாத தகட்டின் ஓரத்தில் அழுக்குச் சேர்ந்து, ஈறு வீங்கும்; பல்லும் சொத்தையாகும். மலேசியாவில் 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்வது குற்றமாகும்.

உறை போட்ட பல்லுக்கும் சொத்தை வரும். எனவே, நாளும் இருமுறை பல் துலக்குக. கொட்டைப்பாக்கை முன்பல்லால் கடிப்பதைத் தவிர்த்திடுக.