காலணி மாறினால் ஓட்டம் மாறும்

குதிகால் வலியோ முழங்கால் வலியோ கொண்டு இயன்முறைப் பிரிவுக்கு வருவோரில் பலர் அண்மையில் நடையையோ ஓட்டத்தையோ தொடங்கியவர்கள். மருத்துவர் சொன்னதன் பேரில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குச் செல்வோர் உண்டு. தச்சநல்லூர்த் தெருக்களிலேயே விடியுமுன் ஓடி முடிப்போரும் உண்டு. "நல்ல விலை கொடுத்துக் காலணி வாங்கினேன், அதன் பிறகுதான் வலி வந்தது" என்று அவர்கள் வியப்போடு கூறுவதுண்டு. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நடக்கும்போது ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போதோ இரு கால்களும் கணநேரம் காற்றில் நிற்கின்றன. பின்பு தரையில் இறங்கும் கால், உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 1,000 முறை கால் தரையில் ஊன்றுகிறது. இந்த விசையை எந்தக் காலணியும் இல்லாமற் செய்துவிடாது. அது முழங்காலுக்குப் போகிறதா, கெண்டைக்கால் தசைக்குப் போகிறதா, பாதத்தின் சிற்றெலும்புகளுக்குப் போகிறதா என்பதையே காலணியின் அமைப்பு பெரிதும் மாற்றுகிறது.

வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் பகுதி, முன்பாதப் பகுதியைவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அங்கே தடித்த நுரை இருப்பதால் குதிகாலை முதலில் ஊன்றினாலும் வலிப்பதில்லை. ஆகவே பெரும்பாலோர் அவ்வாறே ஊன்றி ஓடுகின்றனர். வெறுங்காலோடு கடினத் தரையில் அப்படி ஓடினால் வலி உடனே தடுத்துவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதையும், அப்போது குதிகால் ஊன்றலில் தோன்றும் திடீர் அதிர்வு ஏற்படாததையும் காட்டினர்.

இதைப் படித்த பலர் தடித்த காலணியைக் கழற்றி எறிந்து, மெல்லிய அடிப்பகுதி கொண்டவற்றுக்கு ஒரே வாரத்தில் மாறினர். முன்பாதத்தை ஊன்றினால் முழங்காலின் சுமை குறைகிறது என்பது உண்மை. ஆனால் அச்சுமை கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடம் மாறுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரங்களில் மெல்லிய காலணிக்கு மாறியவர்களுள் பாதிப்பேருக்கு மேல் பாத எலும்பின் மச்சையில் நீர்க்கோப்பு காணப்பட்டது. அதே ஆண்டு வடகென்யாவில் வெறுங்காலோடு வாழும் தாசனச் மக்களைப் பற்றி வந்த ஆய்வோ, நெடுந்தூர வேகத்தில் அவர்களுட் பெரும்பாலோர் குதிகாலையே முதலில் ஊன்றுவதாகக் கூறியது. இயற்கையான ஓட்டம் இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது அவ்வளவு எளிதன்று.

நம் நாட்டு ஷிவ்நாத் சிங் 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடிப் பதினோராம் இடம் பெற்றார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு வென்று, 1964இல் டோக்கியோவில் காலணியோடு வென்றார். பழகிய கால்கள் அவை.

மிகத் தடித்த நுரையே காப்பு என்பதும் முழு உண்மையன்று. மெத்தை தடிக்கும்போது காலை விறைப்பாக ஊன்றுகிறோம், அதனால் அதிர்ச்சி கூடக்கூடும் என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் கண்டனர். லக்சம்பர்க்கில் 800க்கும் மேற்பட்டோரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், கடின அடிப்பகுதி அணிந்தோரைவிட மென்மையானதை அணிந்தோருக்குக் காயங்கள் குறைவாக இருந்தன. என் கருத்தில், காலணியின் தடிமனைவிட அது எவ்வளவு விரைவாக மாற்றப்பட்டது என்பதே பெரும்பாலான வலிகளுக்குக் காரணம். புதியதையும் பழையதையும் மாற்றி மாற்றி அணிந்து, சில வாரங்களில் படிப்படியாக மாறுங்கள்.

இதுவரை கூறியது வலியை உணரும் கால்களுக்கு. நீரிழிவால் உணர்ச்சி குறைந்த கால்களின் நிலை வேறு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் பாதப்புண்களை ஆராய்ந்தார். நம்மில் எவரும் நெடுந்தூரம் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஓரிடம் நோகத் தொடங்கியதும், அறியாமலே எடையை வேறிடத்துக்கு மாற்றுகிறோம். உணர்ச்சியற்ற காலோ அதே இடத்தையே ஆயிரம் முறை ஊன்றிப் புண்ணாக்கிக்கொள்கிறது. இதற்கெனவே வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்காற்றறைகள் நிறைந்த ரப்பரால் காலணிகள் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு நோயாளருக்கு எழுதித் தரப்படுவது அதுவே. பார்ப்பதற்கு எளியது, விலையும் ஓட்டக் காலணியைவிடப் பெரும்பாலும் குறைவு.

நம் பகுதியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோர் பலர் செருப்பணிவதில்லை. கோடையில் நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தின் கல் எவ்வளவு சுடும் என்பதும் அனைவரும் அறிந்ததே. பாதத்தில் மரமரப்போ உணர்ச்சிக் குறைவோ உள்ளவர்கள் நெடுநடையை வெறுங்காலோடு மேற்கொள்ள வேண்டாம். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் செல்லுங்கள். நேர்த்திக்கடன் இருந்தால், புறப்படுமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். உடன் செல்லும் குடும்பத்தினர் ஒவ்வொரு தங்கலிலும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தது நோயாளிக்குத் தெரியாமலே இருக்கலாம்.

காலணி வாங்க மாலையில் செல்லுங்கள். பகல் முழுதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணிமுனையோ உள்ளதா எனத் தடவிப் பார்க்க வேண்டும். புதியதை முதல் நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியலாகாது.

வலிக்காக எங்களிடம் வரும்போது பழைய காலணியையும் கையோடு எடுத்து வாருங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் அடிப்பகுதி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, இரு கால்களிலும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று நாங்கள் முதலில் பார்ப்போம்.