"நீ ஆற்றை பிள்ளை?" – உங்கள் சைட்டின் பூட்டு உடையும்போது



இந்தக் கிழமை எபிசோடில், வீட்டிலேயே சேர்வர் வைத்து சைட் நடத்துவதைப் பற்றிக் கதைத்தோம். எச்டிடிபிஎஸ் பகுதிக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது. "எழுதித் தாறன்" என்று சொன்னேன். இதோ பாடம். அதற்கு முதல் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மம்மா பேசின பழைய கசெட்டுகளை டிஜிட்டலாக்கி, என் அறையில் இருக்கிற ராஸ்பெரி பையில் போட்டு, குடும்பத்துக்கு மட்டும் என்று ஒரு சைட் செய்தேன். என் லேப்டொப்பில் அருமையாக வேலை செய்தது. அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் இரவு, பாரிஸிலிருந்து பெரியம்மா கோல் எடுத்தா.

"தம்பி, சிவப்பா என்னவோ வருது. பாதுகாப்பில்லையாம்."

எனக்கு அவசரம். "அது ஒண்டுமில்லை பெரியம்மா. கீழ 'அட்வான்ஸ்ட்' எண்டு இருக்கும். அதை அமத்திப்போட்டு உள்ள போங்கோ."

போனா. அம்மம்மாவின் குரலைக் கேட்டு அழுதா. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விமான நிலையத்தின் இலவச வைஃபையில் பெரியம்மா ஏதோ ஒரு கடை சைட்டுக்குப் போயிருக்கிறா. அதே சிவப்புப் பக்கம். அமத்திப்போட்டு உள்ளே போய்விட்டா. கார்ட் நம்பரைப் போட முதல் விமானத்துக்குக் கூப்பிட்டதால் தப்பினா. "ஏன் பெரியம்மா அமத்தினீங்கள்?" என்று கேட்டேன். "நீதானே அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீ!"

ஆகவே முதல் விதி: அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லி யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். திருத்தவேண்டியது உங்கள் சேர்வரை. எப்படி என்று ஒழுங்காகப் பார்ப்போம்.

1. சைட் திறக்கவே இல்லையா?

அப்படியென்றால் சான்றிதழில் கை வைக்காதீர்கள். பாதை சரியா என்று முதலில் பாருங்கள். உங்கள் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டுக்குள் இருந்து பார்ப்பதும் வெளியிலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. ரூட்டரில் 443ஆம் போர்ட் உங்கள் சேர்வருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா? வீட்டு ஐபி முகவரி மாறிவிட்டதா? டிஎன்எஸ்ஸில் பழைய ஐபிவி6 முகவரி ஒன்று மறந்துபோய்க் கிடக்கிறதா? இந்தக் கடைசி விஷயம் பலரை அலைக்கழிக்கும். சிலருக்கு சைட் திறக்கும், சிலருக்குத் திறக்காது.

2. எச்சரிக்கை வருகிறதா? குறியீட்டை வாசியுங்கள்

சிவப்புப் பக்கத்தைப் பார்த்ததும் பதறாமல், அதில் இருக்கிற பிழைக் குறியீட்டைப் பாருங்கள். குரோமில் அநேகமாக மூன்று சொற்களில் ஒன்று இருக்கும்.

'டேட்' என்று இருந்தால் திகதிப் பிரச்சினை. பார்க்கிறவரின் போனில் நேரம் சரியா என்று முதலில் கேளுங்கள். அது சரியென்றால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டு புது ஃபைல் டிஸ்க்கில் இருக்கும். ஆனால் என்ஜின்எக்ஸ் பழையதை மெமரியில் வைத்துக்கொண்டு அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். ரீலோட் செய்தால் போதும்.

'காமன் நேம்' என்று இருந்தால் பெயர்ப் பிரச்சினை. மூன்று டபிள்யூ போட்ட முகவரியும் போடாத முகவரியும் இரண்டு வெவ்வேறு பெயர்கள். சான்றிதழில் இரண்டும் இருக்கவேண்டும். 192.168 என்று தொடங்கும் வீட்டு ஐபியை அடித்து உள்ளே போனாலும் இந்த எச்சரிக்கை வரும். அது நியாயமான எச்சரிக்கைதான்.

'ஆத்தோரிட்டி' என்று இருந்தால்? பெரியம்மாவுக்கு வந்தது இதுதான். இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

3. நீ ஆற்றை பிள்ளை?

ஊரில் தெரியாத பெடியன் ஒருவன் வாசலில் வந்து நின்றால், பெரியவர்களுக்கு அவன்ரை பெயர் போதாது. "நீ ஆற்றை பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். தகப்பனின் பெயரைச் சொன்னால், "ஓ, அவற்றை பேரனே! உள்ள வா" என்பார்கள். உண்மையில் அவர்களுக்குத் தெரிந்தது பாட்டனை. தகப்பனின் பெயர்தான் பேரனையும் பாட்டனையும் இணைக்கிறது.

பிரவுசரும் இதைத்தான் செய்கிறது. அதற்குத் தெரிந்த பாட்டன்மார் 'ரூட்' சான்றிதழ்கள். அவை உங்கள் போனிலோ பிரவுசரிலோ ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் சைட்டின் சான்றிதழில் ரூட் நேரடியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. நடுவில் ஓர் இடைநிலைச் சான்றிதழ் இருக்கும். அதுதான் தகப்பன். சேர்வர் தன்னுடையதையும் தகப்பனுடையதையும் சேர்த்து அனுப்பவேண்டும். என் சேர்வர் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றது.

அப்படியென்றால் என் லேப்டொப்பில் மட்டும் எப்படி வேலை செய்தது? சில பிரவுசர்கள் தகப்பனை முன்பே வேறு சைட்டில் கண்டு ஞாபகம் வைத்திருக்கும், அல்லது தாங்களே தேடி எடுக்கும். தகப்பனை எங்கே எடுக்கலாம் என்று சான்றிதழுக்குள்ளேயே முகவரி இருக்கிறது. பெரியம்மாவின் பழைய டேப்லெட் அப்படித் தேடவில்லை. "என்ரை மெஷினில் வேலை செய்யுது" என்ற பேச்சு எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு விளங்கியது.

சோதிக்க இரண்டு வழி. எஸ்எஸ்எல் லாப்ஸ் என்ற இலவசச் சோதனையில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுங்கள். 'செயின் இஷ்யூஸ்' என்ற வரியில் 'நன்' என்று வரவேண்டும். எனக்கு 'இன்கம்ப்ளீட்' என்று வந்தது. டெர்மினலில் வேலை செய்பவர்கள் ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ஓட்டலாம். கடைசியில் 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' 0 என்று வந்தால் நல்லது. எனக்கு 21 வந்தது. முதல் சான்றிதழையே உறுதிப்படுத்த முடியவில்லை என்று அர்த்தம்.

திருத்தியது ஒரே ஒரு சொல். சேர்ட்பொட் உங்களுக்குத் தருகிற ஃபைல்களில் 'சேர்ட்' என்று ஒன்று, 'ஃபுல்செயின்' என்று ஒன்று இருக்கும். முதலாவதில் பிள்ளை மட்டும். இரண்டாவதில் பிள்ளையும் தகப்பனும். நான் என்ஜின்எக்ஸ் கொன்ஃபிக்கில் முதலாவதைக் கொடுத்திருந்தேன். ஃபுல்செயினுக்கு மாற்றி ரீலோட் செய்தேன். முடிந்தது. பாட்டனை அனுப்பத் தேவையில்லை. அவரைத்தான் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியுமே!

ஒரு விதிவிலக்கு: மிகப் பழைய போன்களுக்குப் பாட்டனையே தெரியாமல் இருக்கலாம். ஆண்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய போன்களில் லெட்ஸ் என்க்ரிப்டின் ரூட் இல்லை. அங்கே உங்கள் கொன்ஃபிக்கில் பிழை தேடி இரவைக் கழிக்காதீர்கள்.

4. திருத்தியது நிலைக்கவேண்டும்

லெட்ஸ் என்க்ரிப்டின் வழமையான சான்றிதழ் 90 நாளைக்குத்தான். காலாவதியாகப் போகிறது என்று முன்பு அவர்கள் மெயில் அனுப்புவார்கள். 2025 ஜூனுடன் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே நினைவூட்டலை நீங்களே வைக்கவேண்டும். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளையும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். 2029 மார்ச்சில் அது 47 நாளாகிவிடும். கையால் புதுப்பித்துச் சமாளிக்கிற காலம் முடியப்போகிறது.

சேர்ட்பொட்டில் 'ட்ரை ரன்' போட்டு, புதுப்பித்தல் உண்மையில் நடக்குமா என்று இன்றைக்கே பாருங்கள். 80ஆம் போர்ட்டை "இனித் தேவையில்லை" என்று மூடியிருந்தால், பலருக்கு அங்கேதான் அது தோற்கும். புதுப்பித்தவுடன் சேர்வர் தானாக ரீலோட் ஆகிறமாதிரி 'டிப்ளோய் ஹூக்' ஒன்றும் போடுங்கள். பிழை வந்தால் திரும்பத் திரும்பப் புதுச் சான்றிதழ் கேட்காதீர்கள். அதே பெயர்களுக்கு ஒரு கிழமைக்கு 5 மட்டும்தான் தருவார்கள். பழகுவதற்கென்றே 'ஸ்டேஜிங்' சேர்வர் இருக்கிறது.

வீட்டுப்பாடம்

உங்கள் சைட்டை வேறு ஆளின் பழைய போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பிறகு, நீங்கள் யாருக்காவது "அமத்திப்போட்டுப் போங்கோ" என்று சொல்லியிருந்தால், அவர்களுக்கு ஒரு கோல் எடுங்கள். நான் எடுத்தேன்.

"இனிச் சிவப்பா வந்தா ஒண்டையும் அமத்தாமல் எனக்குச் சொல்லுங்கோ, பெரியம்மா."

"அப்ப அண்டைக்கு நீ சொன்னது?"

"அது என்ரை பிழை, பெரியம்மா."

அடுத்த கிழமை பேக்கப் பற்றிப் பார்ப்போம். அதிலும் எனக்கு ஒரு கதை இருக்கிறது.