குழந்தைகளின் தோலிறுக்க நோய்

வலியோடு வரும் பிணிகள் தம் வரவைத் தாமே அறிவிக்கின்றன. வலியின்றி வருவன கண்ணெதிரே வளர்ந்தும் கருதப்படாமற் போகின்றன. இப்பின்னைய வகையைச் சார்ந்தது ஸ்கிளீரோடெர்மா. வன்மை, தோல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆயது இப்பெயர். இந்நோய் இருவகைப்படும். ஒன்று நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளையும் பற்றுவது. மற்றொன்று தோலிலும் அதன் அடியிலுள்ள தசை, எலும்புகளிலும் ஓரிடத்தே நிற்பது. சிறுவரிடம், அவருள்ளும் சிறுமியரிடம், மிகுதியாய்க் காணப்படுவது இவ்விரண்டாம் வகையே. இது முதல்வகையாக மாறுதல் மிக அரிது, பிறரைத் தொற்றுவதுமன்று.

உடலின் காப்பாற்றல் தன்னுடலையே தாக்குதலால், கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் மிகுந்து தோல் தடிக்கின்றது. முதலில் ஊதா நிற விளிம்புடைய படை தோன்றும். நடுவிடம் தந்தம்போல் வெளுத்து இறுகும். பின்னர்ப் பழுப்பேறி மெலியும். சிறுவர்க்கு இது கைகால்களில் நீண்ட கோடாய் ஓடுதல் பெரும்பான்மை. நெற்றியில் விழும் கோட்டைப் பிரெஞ்சு மருத்துவர் வாள்வெட்டு என வழங்கினர்.

பெற்றோர் சிலர் இதனை அடிபட்ட தழும்பென்று விடுகின்றனர். சிலர் தொழுநோயென்று அஞ்சி மறைக்கின்றனர். இருவரும் இழப்பது காலமே. வளர்ந்தார்க்கு வடுவாய் நிற்கும் இது, வளரும் குழந்தைக்கு ஊனமாய் முடியலாம். பற்றிய கால் குறுகி நிற்க மற்றைக் கால் வளரும். மூட்டு மடங்கி நிமிராது. முகத்தைப் பற்றின் ஒரு பாதி மெலியும். வலிப்பும் கண்ணழற்சியும் வருதலுண்டு.

மருத்துவர் பெரும்பாலும் கண்டும் தொட்டுமே இந்நோயை அறிவர். ஐயமுளதாயின் தோலிற் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பர். இரத்தச் சோதனை மட்டும் இதனை நிலைநாட்டாது. தலையைப் பற்றியவிடத்து எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். கண்ணழற்சி நோவின்றியும் வருமாதலின் கண்ணையும் சோதித்தல் வேண்டும்.

ஆழமற்ற சிறு படைக்குப் பூச்சு மருந்தும் ஒளிச் சிகிச்சையும் பெரும்பாலும் போதும். கோடாய் ஓடுவதற்கு மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை அளிப்பர். தொடக்கத்தில் ஸ்டீராய்டும் சேர்ப்பர். 2011-இல் இத்தாலிய மருத்துவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் 70 சிறார்க்கு முதல் மூன்று மாதம் ஸ்டீராய்டு தரப்பட்டது. அதனுடன் 46 பேர் மெதோட்ரெக்ஸேட்டும், 24 பேர் மருந்தற்ற போலி மாத்திரையும் பெற்றனர். போலி மாத்திரை பெற்றாருள் பத்தில் எழுவர்க்கு நோய் மீண்டது; மருந்துண்டாருள் மூவரில் ஒருவர்க்கே மீண்டது. நோய் தணிந்த பின்னும் ஓராண்டேனும் மருந்தைத் தொடர்தல் வேண்டும். இடையிடையே இரத்தச் சோதனையும், நாள்தோறும் மூட்டுப் பயிற்சியும் இன்றியமையாதன.

மருந்து நோயின் ஓட்டத்தை நிறுத்தவல்லது. குறுகிய காலை நீட்டவல்லதன்று. ஆதலின் முந்தி அறிதலே பாதி மருத்துவமாம். நம்மிற் பலர் நாளை ஆசிரியராய்ச் சிறுவர் முன் நிற்போம். காரணமின்றி இறுகிய வெண்கோடொன்றை ஒரு குழந்தையின்பாற் காணின், பெற்றோரின் அச்சத்தை நீக்கித் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புவோமாக.