குடல் நின்றது, மலம் போகிறதா?

கொச்சி சுள்ளிக்கல் பக்கம் அறுவை சிகிச்சை பழக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் மலக்குடல் இறக்கம் பற்றிச் சில சொல்கிறேன். வெளியே வரும் குடலை உள்ளே நிறுத்துவது பாதி வேலை. அந்த மனிதருக்கு முக்காமல் மலம் போக வேண்டும், அது மீதிப் பாதி.

1. எல்லாரும் "மூலம்" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். படுக்கவைத்துப் பார்த்தால் குடல் உள்ளேயே இருக்கும். குந்தி உட்கார்ந்து முக்கச் சொல்லிப் பாருங்கள். மடிப்புகள் வளையம் வளையமாக இருந்தால் குடல் முழுச்சுவரோடு இறங்கியிருக்கிறது. நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கோடு கோடாகப் பிரிந்தால் அது மூலமாக இருக்கும், அல்லது உள்சவ்வு மட்டும் இறங்கியதாக இருக்கும்.

2. கூச்சத்தை நீங்கள்தான் உடைக்க வேண்டும். இங்கே தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி எல்லாம் பேசுகிறவர்கள் வருவார்கள். அவரவர் மொழியில் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை முறை போகிறது? விரல் விட்டு எடுக்க வேண்டியிருக்கிறதா? துணியில் கசிகிறதா? பதிலை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இதை எழுதாமல் கத்தி எடுத்தால், பிறகு வந்த மலச்சிக்கல் நோயினுடையதா, நம் கையினுடையதா என்று யாருக்கும் தெரியாது.

3. வயிற்று வழியாகக் குடலை மேலே இழுத்துத் திரிக எலும்போடு பொருத்துவது ரெக்டோபெக்ஸி. பின்புறம் பிரித்து, பக்கப் பிணைப்புகளையும் வெட்டினால் இறக்கம் மறுபடி வருவது குறையும். ஆனால் அந்தப் பிணைப்புகளோடு மலக்குடலுக்குப் போகும் நரம்புகளும் அறுபடும். முன்பு சிக்கலே இல்லாதவருக்கும் புதிதாக மலச்சிக்கல் பிடிக்கும். "குடல் வரலை டாக்டர், மலமும் வரலை" என்று ஒருவர் நம் முன்னால் வந்து நிற்பது எனக்குப் பொறுக்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபிரிக்மேனும் கோல்ட்பெர்கும் 1969இல் எழுதியபடி, நீண்டு தொங்கும் சிக்மாய்டு குடலை வெட்டி எடுத்துவிட்டுப் பொருத்துவது ஒன்று. மலச்சிக்கல் குறையும், ஆனால் குடல் இணைப்பு கசியும் ஆபத்து உண்டு. மலக் கசிவே பெருந்தொல்லையாக இருப்பவருக்கு இது வேண்டாம். இன்னொன்று பெல்ஜியத்தின் டி ஹூர் 2004இல் வெளியிட்ட முறை: முன்பக்கம் மட்டும் பிரித்து, லேப்பராஸ்கோப் வழியே வலை வைத்துத் தூக்குவது. நரம்பு தப்பிக்கிறது. அவருடைய நோயாளிகளில் மலம் தடைபட்டுக் கொண்டிருந்த 19 பேரில் 16 பேருக்கு அது தீர்ந்தது. நல்ல கை இருக்கும் இடத்தில் நான் இதைத்தான் சொல்வேன். வலை அரித்து வெளிவரும் சிறிய வாய்ப்பையும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

4. பிரிட்டனில் 293 பேரை வைத்து அறுவை முறைகளை ஒப்பிட்ட ப்ராஸ்பர் ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. எந்த முறைக்கும் தெளிவான வெற்றி இல்லை. ஆகவே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

5. நடுங்கும் முதியவருக்கு வயிற்றைத் தொடாதீர்கள். 1900இல் வந்த டெலோர்ம் முறையை முதுகில் ஊசி போட்டே கீழ்வழியாகச் செய்யலாம். இறக்கம் திரும்பக்கூடும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்.

6. குழந்தைக்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, பூச்சி இவற்றைக் கவனித்தால் போதும்.

7. வெளியே வந்த குடல் வீங்கி உள்ளே போக மறுத்தால், கறுக்காத வரை, சாதாரணச் சர்க்கரையை மேலே தூவிக் காத்திருங்கள். நீரை உறிஞ்சி வீக்கம் வடியும். பிறகு உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் உள்ளே போகும்.

8. ஆப்பரேஷன் முடிந்ததும் இசப்கோல், தண்ணீர், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. மறுபரிசோதனைக்கு வரும்போது 2ஆம் குறிப்பின் கேள்விகளையே திரும்பக் கேட்டு, பழைய பதிலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.