இறங்கும்போது சுகம், ஏறும்போது தெரியும்!

இந்த மாதப் பாடம் ஒரு நடைபாதையைப் பற்றியது. நாம் லேடாங் மலைக்குப் போனால் முதலில் கஷ்டம், பிறகு சுகம். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இது அப்படியே தலைகீழ்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

அந்த இடத்தின் வரைபடத்தில் விஷ்ணு கோயில், சிவா கோயில், பிரம்மா கோயில் என்றெல்லாம் பெயர்கள் இருக்கும். யாரும் கட்டிய கோயில்கள் இல்லை. கோபுரம் போல நிற்கும் பாறைச் சிகரங்கள். 1880களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் இப்படிப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். ஆகவே "அமெரிக்காவில் பழைய இந்துக் கோயில்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பகிராதீங்க. அங்கே காலங்காலமாக வாழ்பவர்கள் ஹவசுபாய் போன்ற பூர்வகுடி மக்கள்.

பாதை

பிரைட் ஏஞ்சல் பாதை விளிம்பிலிருந்து ஆற்றோர முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர். இறக்கம் சுமார் 1,335 மீட்டர். லேடாங் மலையின் மொத்த உயரமே 1,276 மீட்டர்தான்! மேலே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு வயது ஏறக்குறைய 27 கோடி ஆண்டு. அடியில் உள்ள கரும்பாறைக்கு 170 கோடிக்கும் மேல். அதன் பெயரும் 'விஷ்ணு'தான். ஒரே நாளில் இவ்வளவு காலத்தைக் கடந்து நடக்கலாம். ஆனால் கோடையில் அடிவாரத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்.

ஒரு சின்ன கணக்கு

பொறியியல் மாணவன் இல்லையா, கணக்கு போடாமல் விடமாட்டேன். உடலும் பையும் சேர்ந்து 80 கிலோ என்றால், 1,335 மீட்டர் ஏற 80 × 9.8 × 1,335, அதாவது சுமார் 10.5 லட்சம் ஜூல் வேலை. நம் தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் வேலையாக மாறும். மீதி முக்கால்வாசி, சுமார் 31 லட்சம் ஜூல், உடம்பிலேயே சூடாகத் தங்கும். அதை வெளியேற்ற மட்டும் 1.3 லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வெயிலின் சூட்டை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அங்கே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோருக்கு மீட்புக் குழு உதவி தேவைப்படுகிறது. மாரத்தான் ஓடும் இளைஞர்கள்கூட உயிரிழந்திருக்கிறார்கள். பலம் இல்லாததால் அல்ல. இறங்கும்போது உடம்பு எச்சரிக்கை தராது. களைப்பு தெரியும் நேரத்தில் கஷ்டமான பாதி இன்னும் பாக்கி இருக்கும்.

நினைவில் வைக்க

1. இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம்.
2. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இறங்க. இரண்டு பங்கு ஏற.
3. கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்கக் கூடாது.
4. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும். உப்புள்ள தின்பண்டமும் வேண்டும்.
5. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆற்றைப் பார்க்காமல் திரும்பினாலும் அது தோல்வி இல்லை.

குழுவில் பேசுங்கள்

• உங்கள் குழுவில் ஒருவர் மட்டும் "போதும், திரும்பலாம்" என்றால் என்ன செய்வீர்கள்?
• உங்கள் எடைக்கு மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் தூக்குவீர்கள்?
• தொடங்கும்போது சுலபமாகவும் திரும்பும்போது கடினமாகவும் இருக்கும் வேறு எதை நம் வயதில் பார்க்கிறோம்?