இரு நாவுக்கு ஓர் அடுப்பு

கிணறு, பாதை, எரு, விதை ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய பக்கங்களில் படித்துப் பழகிய ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும், சமையலறையைப் பற்றிய இப்பாடம் சற்று வியப்பை அளிக்கக்கூடும். எனினும், வயலில் எதை விதைப்பது என்னும் முடிவு பாதியளவு அடுப்படியிலேயே செய்யப்படுகிறது. கேழ்வரகை விளைவித்து, அதை மூட்டையோடு விற்றுவிட்டு, அப்பணத்தைக் கொண்டு தீட்டிய வெள்ளை அரிசியை வாங்கி உண்ணும் வீடுகள் உண்டு. காரணம் கேட்டால், "வீட்டில் ஒருவருக்குக் களி இறங்காது" என்பர். அவ்வொருவருடைய நாவுக்கு இசைந்து, வீட்டில் உள்ள அனைவரும் ஒரு நல்ல தானியத்தை இழந்துவிடுகின்றனர். கணவனுக்கும் மனைவிக்கும் சுவை வேறுபடும்போது, இருவர் உடலுக்கும் ஏற்ற உணவை ஒரே அடுப்பில் சமைப்பது எவ்வாறு என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கணவர் தருமபுரிப் பக்கத்தவர். கேழ்வரகுக் களியும் காரமான கீரைக் கடைசலும் அவருக்குப் பழக்கம். மனைவி தஞ்சைப் பக்கத்தவர். சோறு, புளிப்பான குழம்பு, இரசம், மோர் என்ற வரிசை அவருக்குப் பழக்கம். ஐம்பதாவது வயதில் கணவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாகவும், சர்க்கரை சற்று ஏறியிருப்பதாகவும் மருத்துவர் கூறுகிறார். அன்று மாலையே வீட்டில் பேச்சு எழுகிறது: இனி என்ன சமைப்பது?

இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் மூன்று வழிகளுள் ஒன்றே கைக்கொள்ளப்படுகிறது. முதலாவது, கணவருக்கு மட்டும் உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல் தனியே பத்தியம் சமைப்பது. அதை அவர் பத்து நாள் முகம் சுளித்து உண்பார். பதினோராம் நாள் தேநீர்க் கடை வாயிலில் பஜ்ஜியும் கையுமாக நிற்பார். இரண்டாவது, வீட்டார் அனைவரும் பத்தியத்துக்கு மாறுவது. இதுவும் நீடிப்பதில்லை. மூன்றாவது, இருவேறு சமையல் செய்வது. விறகோ, எரிவாயுவோ, நேரமோ இரட்டிப்பாகச் செலவாகும். அன்றியும், இரண்டையும் சமைத்து முடித்த பெண்மணி, இறுதியில் எது மிஞ்சுகிறதோ அதை உண்பார்.

இம்மூன்றாவது வழியில்தான் நாம் பெரிதும் கவலை கொள்ளவேண்டிய செய்தி அடங்கியிருக்கிறது. 2019-21-இல் நடைபெற்ற தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆடவரில் 25 விழுக்காட்டினருக்கே இருந்தது. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இக்கணக்கில் வருகின்றனர். மாதவிலக்கும் மகப்பேறும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆனால் பருப்பின் அடிக்குழம்பும் கீரையின் கடைசிக் கரண்டியுமே அவர் பங்காக வருவதும் ஒரு காரணம் அன்று என்று எவர் கூற வல்லார்?

கேடு எதில்?

கணவனும் மனைவியும் சுவையில் மாறுபடுவது எதில் என்று சற்று உற்று நோக்குவோம். ஒருவருக்குக் காரம் வேண்டும். மற்றவருக்குப் புளிப்பு வேண்டும். ஒருவருக்குக் காய் குழைய வேண்டும். மற்றவருக்குக் கடிபட வேண்டும். ஒருவருக்குப் பூண்டு மணம் பிடிக்கும். மற்றவருக்குப் பெருங்காயமே போதும். இவற்றுள் எதுவும் மருத்துவர் கடிந்துரைக்கும் பொருள் அன்று. வயிற்றுப்புண் முதலிய உபாதை உள்ளவரை விலக்கிப் பார்த்தால், மிளகாயும் மிளகும் புளியும் பெருங்காயமும் இரத்த அழுத்தத்துக்குப் பகை அல்ல. பகையாவன உப்பு, அளவு மீறிய எண்ணெய், தட்டில் குவியும் தானியம் ஆகியவையே. சச்சரவு நடப்பது ஒன்றில். கேடு இருப்பது வேறொன்றில். எனவே, நாவு கேட்பதை அவரவருக்கு விட்டுக்கொடுத்து, உடல் கேட்பதைப் பொதுவில் வைத்துக்கொள்ள இயலும். "காரத்தைக் குறையுங்கள்" என்று கணவரை வற்புறுத்திப் பகைத்துக்கொள்ளும் வீடுகள், குறைக்க வேண்டிய உப்பை அப்படியே விட்டுவிடுவதைக் காண்கிறோம்.

நாவின் சுவை பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. உணவில் உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் எவரும் கண்டுபிடித்துவிடுவர். வாரத்துக்குச் சிறிது எனக் குறைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் நாவு அதற்குப் பழகி, முன்பு உண்ட அளவே கரிப்பாகத் தோன்றும்.

உணவும் உடலும் பற்றிய இந்திய ஆராய்ச்சி நம் மாநிலத்திலேயே வேரூன்றியது என்பதை இங்கு நினைவுகூரலாம். 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், தீட்டிய அரிசியால் விளையும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசன் பல மாகாணத்து மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. (எலிகளுக்குள் சுவை பற்றிய சச்சரவு எழுந்ததாகக் குறிப்பில்லை.) அரிசியை அறவே விலக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று, அரிசியோடு தட்டில் வேறென்ன இருக்கிறது என்பதே கேள்வி.

உப்புக்கும் எண்ணெய்க்கும் ஒரு கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ அவ்வளவு வரும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் நாள் ஒன்றுக்கு 10 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்புப் பொட்டலம் நூறு நாள் வரவேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நாற்பது நாளில் தீர்ந்துவிட்டால், எவ்வளவு மிகையாக உண்கிறோம் என்பதைப் பிறர் கூறவேண்டியதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் அடங்காமல் மறைந்து வருவது என்பதையும் மறத்தல் ஆகாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கலாகாது.

எண்ணெய்க்கும் இவ்வாறே. மேற்கூறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று வகுத்துள்ளது. இருவருக்கு மாதம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர். மாதத் தொடக்கத்தில் அவ்வளவை ஒரு தனிப் புட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டால், கையளவு தானே அடங்கும். அதே வழிகாட்டி காய்கறிக்கு 400 கிராம், தானியத்துக்கு 250 கிராம், பருப்பு வகைக்கு (முட்டை, இறைச்சி உண்போர்க்கு அவையும் சேர்த்து) 85 கிராம் என்கிறது. நாள் முழுதும் ஏர் பிடிப்பவருக்கும் நாற்று நடுபவருக்கும் தானியம் இன்னும் வேண்டும் என்பது வெளிப்படை. ஆயினும், நம் தட்டுகளில் தானியமும் காய்கறியும் இதற்கு நேர் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள்.

பொதுவில் வேகவைத்துப் பின்னர்ப் பிரிப்பது

செய்முறை எளிது. எது இருவருக்கும் பொதுவோ அதை ஒன்றாக வேகவைக்க வேண்டும். சுவை பிரியும் கட்டத்தைக் கூடியவரை கடைசிக்குத் தள்ள வேண்டும். துவரம்பருப்பையும் காயையும் மஞ்சளிட்டு, உப்பில்லாமல் வேகவைத்து மசித்துக்கொள்க. அதை இரு பாத்திரங்களில் பிரித்துக்கொள்க. ஒன்றில் பச்சைமிளகாய், பூண்டு, சீரகம் தாளித்துக் கொட்டினால் தருமபுரிக்காரர் களிக்குத் தொட்டுக்கொள்ளலாம். மற்றதில் புளிக்கரைசலும் பொடியும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்தால் தஞ்சைக்காரர் சோற்றுக்கு ஆயிற்று. உப்பை இறக்கும்போது இடுக. மேலாக நிற்கும் உப்பு நாவில் விரைவில் தெரிவதால் சிறிதளவே போதும். எலுமிச்சைச் சாறு, புளிப்பு மோர், வறுத்த மிளகு, கறிவேப்பிலை, மல்லித்தழை ஆகியவை உப்புக் குறைவை மறைக்கும் நண்பர்கள்.

தாளிப்புக் கரண்டியில் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு மேல் வேண்டாம். தம் காரத்தைத் தாமே தாளித்துக்கொள்ளக் கணவர் கற்றுக்கொள்வாரானால் பாதிப் பிணக்கு அன்றே தீர்ந்துவிடும். மாட்டுக்குத் தீனி கலக்கத் தெரிந்தவருக்குக் கடுகு வெடிக்கவைப்பது பெரிய வித்தை அன்று.

காய் குழைவதிலும் இம்முறையே. அவரையோ பீன்ஸோ முக்கால் வேக்காட்டில் ஒருவர் பங்கை எடுத்துவிட்டு, மீதியை மேலும் வேகவிடலாம். காயை வேகவைத்த நீரைக் கொட்டாமல் இரசத்துக்குச் சேர்த்துக்கொள்க. ஒருவர் மீன் உண்பவர், மற்றவர் உண்ணாதவர் என்றால், புளிக்குழம்பைக் கூட்டிக் கொதிக்கவைத்து முதலில் மரக்கறி உண்பவர் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து முருங்கைக்காய் இடுக. பிறகே எஞ்சியதில் மீனை இடுக. வரிசை மாறினால் சமையல் பாழ் என்பதை நாம் கூற வேண்டியதில்லை.

களியா, சோறா?

கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறுவதே அரிது. ஆதலால் களியை வீட்டைவிட்டு விரட்டுதல் தகாது. களி பிடிக்காத மனைவி கேழ்வரகைத் தோசையாகவோ, முருங்கைக்கீரை சேர்த்த அடையாகவோ உண்ணலாம். மாவு ஒன்றே, உருவம் மட்டும் வேறு.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையையும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். கேழ்வரகு உண்டால் சர்க்கரை ஏறாது என்று பலர் எண்ணி, இரு பெரிய உருண்டைகளை விழுங்கிவிட்டு நிம்மதி கொள்கின்றனர். கேழ்வரகிலும் மூன்றில் இரு பங்கு மாவுச்சத்தே. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். சர்க்கரை உள்ளவர் களியானாலும் சோறானாலும் உருண்டையைச் சிறிதாக்கி, அவ்விடத்தைக் கொள்ளு, பருப்பு, கீரை, காய் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். சோறே வேண்டும் என்பவர், வைட்டமின் பி1 அதிகம் தங்கும் புழுங்கலரிசியைத் தேர்ந்து, பலமுறை களையாமல் உலையில் இடுக. வடித்த கஞ்சியை வீணாக்காமல் பயன்படுத்துக.

மனைவிக்கு இரத்தசோகை இருப்பின், பருப்பும் கீரையும் உண்ணும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்தை உடல் ஏற்க அது உதவும். உணவு முடிந்த உடனே தேநீர் அருந்துவது அச்சத்தைத் தடுப்பதால் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரைக்கு இது மாற்று அன்று.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது பரிமாறும் முறை. அடுப்பிலிருந்து இறக்கியவுடன், எவரும் உண்ணுவதற்கு முன்பே இருவர் பங்கையும் பிரித்து மூடி வைத்துவிட வேண்டும். கீரை, பருப்பு, முட்டை ஆகியவற்றில் சமைத்தவர் பங்கு அப்போதே தனியாகிவிடும். "மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமிராது. இருவரும் ஒருங்கே அமர்ந்து உண்பது இன்னும் நன்று.

ஊராட்சி செய்யக்கூடியது

அடுப்படிக்குள் ஊராட்சி புக இயலாதுதான். ஆனால் அடுப்படிக்கு வரும் பொருளை அது எளிதாக்கலாம். 2023-ஆம் ஆண்டு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில், விரும்பிய குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடை அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊரில் விளையும் கேழ்வரகு ஊரிலேயே உண்ணப்பட வேண்டுமானால், கல்லும் உமியும் நீக்கிச் சுத்தம் செய்யும் வசதி அருகில் வேண்டும். மகளிர் குழுக்களுக்கு இது ஏற்ற தொழில். குளியலறைக் கழிவுநீர் வீணாக ஓடும் வீடுகளின் கொல்லையில் அந்நீர் பாயுமிடத்தில் முருங்கையும் வாழையும் வைக்கச் செய்யலாம். முருங்கைக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. முற்றிய கிளையை முழநீளம் வெட்டி நட்டாலே துளிர்க்கும்.

மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில், ஒரே பருப்பை வேகவைத்து இரு பாத்திரங்களில் பிரித்து, ஒன்றில் வழக்கமான உப்பும் மற்றொன்றில் கால் பங்கு குறைத்த உப்பும் இட்டு, எலுமிச்சையும் மிளகும் சேர்த்துப் பரிமாறிப் பாருங்கள். ஆடவர்களையும் தவறாமல் அழையுங்கள். எதில் உப்புக் குறைவு என்று முன்கூட்டிச் சொல்லாமல், உண்டு முடித்த பின் கை தூக்கச் செய்து எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டு உப்புப் பொட்டலத்தில் எழுதிய தேதியை ஒவ்வொருவரும் நினைவில் கொண்டு வரட்டும்.